கேட் பெல்லுக்குள் எறும்பு

என் வீட்டுக்காரர் எலெக்ட்ரீஷியன். தெருவில் யார் வீட்டு மோட்டார் நின்றாலும் முதல் போன் இவருக்குத்தான் வரும். சொந்த வீட்டில் ஒரு பல்பை மாற்றச் சொன்னால் மட்டும் “நாளைக்குப் பாக்கலாம்” என்பார். அந்த நாளை வந்து நான் பார்த்ததே இல்லை.

அன்று காலை எதிர்வீட்டு டீச்சர் என்னைப் பிடித்துக் கேட்டாள்.

“நேத்து உங்க பொண்ணு கைக்குழந்தையோட வந்து பெல்லை அமுக்கிட்டே நின்னாளே, ஏங்க கேட்டைத் திறக்கல? வெயில்ல குழந்தை அழுதுட்டே இருந்துச்சு. அப்புறம் திரும்பிப் போயிட்டா.”

பேச்சு விட்டுப்போனதில் குழந்தை பிறந்ததே எங்களுக்குத் தெரியாது. நேற்று முழுக்க இருவரும் வீட்டில்தான் இருந்தோம். பெல் அடிக்கவே இல்லை.

தானே பார்த்த பையனை மகள் கட்டிக்கொண்ட அன்று இந்த மனிதர் வாய் சும்மா இருக்கவில்லை. “பெல் அடிச்சுக்கிட்டே நின்னாலும் திறக்க மாட்டேன்” என்று கத்தினார். அந்தக் கோபம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. அப்புறம் யார் பெல் அடித்தாலும் என்னை முந்திக்கொண்டு ஓடுவார். வந்தது பால்காரன் என்றால் அவன் மேல் எரிந்து விழுவார். அவன் என்ன பாவம் செய்தான்? மகளைத் தானாகப் போய்க் கூப்பிட மட்டும் மாட்டார். அப்படியொரு வீம்பு!

விஷயத்தைச் சொன்னதும் ஸ்க்ரூ டிரைவரோடு கேட்டுக்கு ஓடினார். பெல் சுவிட்ச் மூடியைக் கழற்றியதும் எறும்பு பொலபொலவென்று கொட்டியது. செத்தது பாதி, உயிரோடு பாதி. உள்ளே, அமுக்கினால் ஒன்றையொன்று தொட வேண்டிய இரண்டு தகட்டுக்கும் நடுவில் நசுங்கி அப்பிக் கிடந்தன.

“இதுக்குள்ள சர்க்கரையா கொட்டி வச்சிருக்கு?” என்றேன்.

“கதகதப்பா இருக்குன்னு ஒண்ணு ரெண்டு உள்ள போகும். ஷாக் அடிச்சா அது ஒரு வாசனை விடும். அதை மோந்துட்டு மத்ததெல்லாம் ஓடி வரும். வந்து அதுங்களும் சாகும். அப்புறம் தகடு எப்படித் தொடும்?” கையிலிருந்த மூடியைத் திருப்பிப் பார்த்தார். “எத்தனை வீட்டுல தட்டி எடுத்திருக்கேன். நம்ம வீட்டுல பாக்கலியேடி.”

கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மகளுக்கு போன் போட்டேன்.

“சத்தியமாடி, பெல்லுக்குள்ள எறும்பு அடைச்சிருந்துச்சு. எங்களுக்குக் கேக்கவே இல்ல.”

“ஊர் பெல்லையெல்லாம் ரிப்பேர் பண்றவரு வீட்டுப் பெல்லுல எறும்பா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லும்மா.”

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே கண்ணு.”

“நீ திறப்பேன்னு எனக்குத் தெரியும். அவரு திறப்பாரான்னு பாக்கத்தான் வந்தேன். பாத்துட்டேன்.”

அவர் போனைப் பிடுங்கி “பாப்பா” என்றார். அதற்குள் வைத்துவிட்டாள். மறுபடி மறுபடி போட்டோம். எடுக்கவில்லை. மாலையில் போன் போகவே இல்லை. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அவர் சுவிட்சைத் துடைத்து மாட்டினார். “நான் உள்ள போறேன், அமுக்கிப் பாரு” என்றார்.

நான் கேட்டுக்கு வெளியே நின்று அமுக்கினேன். உள்ளே பெல் அடித்தது. அடுத்த நொடி கதவு திறந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து கேட்டை அகலத் திறந்தார்.

“அடிக்குதுங்க” என்றேன்.

எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இன்னொரு தடவை அமுக்கு” என்றார்.