தள்ளி நின்று எடுத்த படம்

நூலக மாடியில் மாதம் ஒருமுறை கூடும் புகைப்படக் குழுவில், மருந்துக்கடை நடத்தும் பெண்ணுக்குக் கத்தரி என்று பெயர். யார் படத்தைத் திரையில் போட்டாலும், "இந்த ஓரத்தை வெட்டுங்க, அந்தக் கம்பத்தை வெட்டுங்க" என்பாள். மனதில் பட்டதைச் சொல்லாமல் இருக்கத் தெரியாது. கோபித்துக்கொண்டு போனவர்கள்கூட அடுத்த மாதம் வெட்டிய படத்தோடு வந்து உட்காருவார்கள்.

அப்படிப்பட்டவள் அன்று வாயைத் திறக்கவில்லை.

புதிதாகச் சேர்ந்த பேருந்து ஓட்டுநர், நோயில் படுத்திருந்த தன் மனைவியின் படத்தைக் காட்டினார். அறை வாசலில் நின்று எடுத்தது. பாதிப் படத்தை மாத்திரைப் பெட்டிகள் அடைத்துக்கொண்டிருந்தன. பின்னால் ஜன்னல் வெளிச்சம் அடித்ததில் அந்த அம்மாளின் முகம் கருத்துப்போயிருந்தது. அந்த மாத்திரைகளைக் கத்தரிக்குத் தெரியும். எந்தக் கட்டத்தில் கொடுப்பார்கள் என்றும் தெரியும்.

"அருமை", "உருக்கமா இருக்கு" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவளும் தலையாட்டி வைத்தாள்.

கூட்டம் கலைந்ததும் அவர் படிக்கட்டில் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, எல்லாருக்கும் சொல்றீங்க. எனக்கு மட்டும் ஒண்ணும் சொல்லலையே?"

"நல்லாத்தான் இருந்துச்சு, அண்ணே."

"பாவம் பாக்குறீங்க. வீட்டுக்கு வர்றவங்களும் அதைத்தான் செய்யறாங்க. என் வீட்டுக்காரி படத்தைப் பாத்துட்டு என்ன கேட்டா தெரியுமா? 'இதுல நான் எங்க இருக்கேன்?'னு கேட்டா. பதில் சொல்லத் தெரியாமத்தான் இங்க கொண்டுவந்தேன்."

கத்தரிக்குச் சுருக்கென்றது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அவங்க கேட்டது நியாயம்தான். நீங்க மாத்திரையைத்தான் எடுத்திருக்கீங்க. ஜன்னல் பக்கமா போய் நில்லுங்க, வெளிச்சம் அவங்க முகத்துல விழும். அப்புறம்... இவ்வளவு தள்ளி நிக்காதீங்க."

"பக்கத்துல போனா கை நடுங்குதும்மா."

"நடுங்கட்டும். இன்னொண்ணு எடுங்க."

அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு அவர் வரவில்லை. மனைவி இறந்துவிட்ட செய்திதான் வந்தது. கத்தரிக்கு மனசு கேட்கவில்லை. சாகக் கிடந்தவளை வைத்து வெளிச்சம், தூரம் என்று பாடம் நடத்தினோமே என்று நொந்துகொண்டாள். மற்றவர்கள் படங்களைப் பற்றிப் பேசவும் நாக்கு எழவில்லை.

அவர் திரும்பி வந்த அன்று எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் வந்ததும்தான் தலை நிமிர்ந்தது. திரை நிறைய ஒரு முகம். ஒட்டிய கன்னம், கலைந்த முடி, 'சீக்கிரம் எடுத்துத் தொலைங்க' என்பதுபோல் ஒரு பார்வை.

அவர் கத்தரியைத்தான் பார்த்தார்.

"சொல்லுங்கம்மா."

அவள் திரையை இன்னொரு முறை பார்த்தாள். "வெளிச்சம் சரியா விழுந்திருக்கு, அண்ணே. கிட்டப் போயிருக்கீங்க. அவங்க உங்ககிட்ட ஏதோ சொல்ல வர்ற மாதிரியே இருக்கு. ஆனா... ஃபோகஸ் காதுல போய் நின்னுடுச்சு. கண்ணு கொஞ்சம் மங்கல்."

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். இனி எடுக்க முடியாத படம் அது.

"அவளும் அதையேதான் சொன்னா" என்றார் அவர். "'கடைசியில என் காதைத்தான் புடிச்சீங்க'ன்னு சிரிச்சா. அவ சிரிச்சே ரொம்ப நாளாகியிருந்துச்சு."

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கத்தரி எழுந்து போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னும் ஏழெட்டுப் படம் இருக்கு. எல்லாத்துக்கும் நீங்க சொல்லணும்" என்றார் அவர்.

"போடுங்க" என்றாள்.