ஐராவின் கடிகாரம்

தீவின் இடுகாட்டுப் பக்கம் சுற்றுலாக்காரர் ஒருவரையும் லவீனியா விட்டதில்லை. அவர்களைப் படகில் ஏற்றிக் கூட்டிப்போய், அடிமைகளாக வந்த தன் கறுப்பின முன்னோர் பருத்தி விளைவித்த நிலத்தையும், கால் தட்டிப் பாடிக் கும்பிட்ட ஜெபவீட்டையும் காட்டுவதுதான் அவள் பிழைப்பு. யாராவது கல்லறையைக் கேட்டால், "செத்தவங்க என்ன வேடிக்கைப் பொருளா?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள்.

அன்று அவளே அங்கே கூட்டிப்போனாள். இறால் பிடிக்கப் போய்ப் பிணமாக வந்த மகன் ஐராவைப் புதைத்ததிலிருந்து அவளுக்கு அந்தப் பக்கம் கால் எழவில்லை. ஆனால் முந்தின நாள், நிறைமாதமாக இருக்கும் மகள் டெல்ஃபி, "அம்மா, ஐரா வாசல்ல நின்னு வா வான்னு கூப்பிடுறான்" என்று சொல்லிவிட்டாள். லவீனியா பயந்துவிட்டாள்.

பயம் வராதா பின்னே? செத்தவன் கடைசியாகப் புழங்கிய சாமான்களை உடைத்துத்தான் அவர்கள் சமாதிமேல் வைப்பார்கள். உடைத்தால்தான் சாவின் சங்கிலி அறும். அறாவிட்டால் அவன் வீட்டிலிருந்து இன்னொருவரைத் துணைக்குக் கூட்டிக்கொள்வான். வைத்ததெல்லாம் வைத்தபடி இருக்கிறதா என்று அவள் பார்த்தாக வேண்டும். தீவுக்குப் போக, தம்பி சாத்ராக் ஓட்டும் அந்தச் சுற்றுலாப் படகை விட்டால் வேறு வழியும் இல்லை.

இடுகாட்டு மரங்களின் ஓரத்தில் நின்று, "பெரியவங்களே, உள்ள வர்றேன், கோவிச்சுக்காதீங்க" என்று அவள் அனுமதி கேட்டு முடிக்கவில்லை, பின்னால் சுற்றுலா வந்த ஒரு கிழவர் சிப்பிமேட்டில் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டார். சனியன், நேரம் பார்த்து விழுந்தார்! கட்டுப்போட்டு அவரைப் படகில் ஏற்றுவதற்குள் கடலில் ஓதம் இறங்கத் தொடங்கிவிட்டது. "அக்கா, தண்ணி வடியுது, சீக்கிரம்!" என்று சாத்ராக் கத்தினான். மகனைப் பார்க்காமலே அவள் படகேறினாள்.

படகு கிளம்பியதும் ஹார்ட்விக் என்ற வெள்ளைக்கார அம்மாள், மடியில் ஒரு பையோடு, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினாள்.

"நீங்க அந்தப் பெரியவரைப் பார்த்துக்கிட்டு இருந்தப்ப உள்ள போயிட்டேன், மன்னிச்சுக்கங்க. ஒரு சமாதிமேல யாரோ குப்பையைக் கொட்டி வச்சிருக்காங்க. உடைஞ்ச கப்பு, தட்டு, மருந்து பாட்டில்! மனசு கேக்கல. எல்லாத்தையும் பொறுக்கிப் பையில போட்டுட்டேன். இது ஒண்ணுதான் முழுசா இருந்துச்சு. சாவி கொடுத்தேன், ஓடுது பாருங்க!"

ஐராவின் அலாரக் கடிகாரம். டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது.

லவீனியா அதைப் பிடுங்கிக்கொண்டாள். அந்த அம்மாளை அறையலாம் போல ஆத்திரம் வந்தது. ஆனால் அது முழுசாக இருந்தது யார் குற்றம்? புதைத்த அன்று தட்டையும் கப்பையும் சாத்ராக் உடைத்தான். கடிகாரத்தை மட்டும், "நானே உடைக்கிறேன்டா" என்று அவள் வாங்கிக்கொண்டாள். கை வரவில்லை. அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

"சாத்ராக், படகைத் திருப்பு."

"பைத்தியமா உனக்கு? சேத்துல மாட்டிக்குவோம். இத்தனை பேரை வச்சுக்கிட்டு ராத்திரி பூரா கொசுக்கடியா?"

"டெல்ஃபியைக் கொண்டு போயிருவான்டா!"

சாத்ராக் கடிகாரத்தைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். "அன்னைக்கே உடைச்சேன்னு சொன்னியே, பாவி" என்றான். திருப்பிவிட்டான்.

கரை தொட்டதும், அனுமதி கேட்கக்கூட நிற்காமல் லவீனியா அந்தப் பையோடு உள்ளே ஓடினாள். அவன் குடித்த கப்பை, தின்ற தட்டை, கை போன போக்கில் மண்மேல் பரப்பினாள். பிறகு கடிகாரத்தைத் தரையில் வைத்து ஒரு செங்கல்லைத் தூக்கினாள்.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்த ஹார்ட்விக் அம்மாள் அலறினாள். "ஐயையோ, அது நல்லா ஓடுதுங்க!"

"அதனாலதான்" என்றாள் லவீனியா.

முதல் அடியில் கண்ணாடி தெறித்தது. சத்தம் நிற்கவில்லை. "போயிடு என் ராசா" என்று சொல்லி மறுபடி அடித்தாள். "உன் தங்கச்சியை விட்டுட்டுப் போயிடு." மூன்றாவது அடியில் நின்றது.

ஊரார் கூடிப் புதைத்தபோதுகூட அவளுக்கு அவன் சாகவில்லை. இப்போதுதான் செத்தான், அவள் கையால். மண்ணில் முகம் புதைத்து அவள் ஓவென்று கதறினாள்.