முப்பத்தெட்டு பவுண்டு

ஏப்ரல் பதினோராம் தேதி காலையில் ஆர்டிஸ் பீடலின் உடம்பிலிருந்து முப்பத்தெட்டு பவுண்டு இறங்கிப்போனது. அதே காலையில் அவள் புருஷன் கிளெல் மேல் முப்பத்தெட்டு பவுண்டு ஏறியது. இரண்டு பேர் இடுப்பிலும் ஒரு விரற்கடை கூடவுமில்லை, குறையவுமில்லை. அவள் பாவாடை அதே கொக்கியில் மாட்டியது, அவன் பெல்ட் அதே துளையில் நின்றது. அந்த வாரம் கார்வெல் ஊரில் பைன் பலகை விலை கொஞ்சம் இறங்கியது, ஆற்றில் பனிக்கட்டி உடைந்தது, வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

கார்வெல் மரஆலையில் கிளெல் தரம் பிரிக்கிறவன். சங்கிலியில் ஓடிவரும் பலகையை ஒரு புரட்டுப் புரட்டி, முடிச்சும் வெடிப்பும் பார்த்து, நீல மெழுகுக்கட்டியால் கோடு இழுப்பான். ஒரு கோடு முதல் தரம், இரண்டு கோடு இரண்டாம் தரம், பெருக்கல் குறி என்றால் அடுப்புக்கு. அவன் போட்டதுதான் பலகை. மேனேஜரே வந்து கெஞ்சினாலும் போட்ட குறியை அழிக்கமாட்டான். முப்பது வருஷம் இப்படிப் பொய்யில்லாமல் கோடு போட்டதில், தான் எழுதுவதெல்லாம் உண்மை என்று அந்த மெழுகுக்கட்டிக்கே ஒரு நினைப்பு வந்துவிட்டது என்று ஊரில் பிற்பாடு சொன்னார்கள்.

அவனிடம் ஒரு சின்ன விமானம் இருந்தது. ஆலங்கட்டி மழையில் நெளிந்துபோனதை ஒருத்தனும் சீந்தாதபோது வாங்கியது. வருஷா வருஷம் ஜனவரியில் அவனும் ஆர்டிஸும் அடுக்களை மேசையில் வரைபடத்தை விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு பீன்ஸ் டப்பாவை வைத்து, கோல்டர் திட்டுக்குப் போகத் திட்டம் போடுவார்கள். மலைகளுக்கு நடுவே, ஆறு வளைகிற இடத்தில், எண்ணூறு அடி நீளப் புல்தரை அது. பாதை கிடையாது. ஒரு முனையில் பாறைச்சுவர், மறுமுனையில் ஆறு. ஆற்றோரத்துப் புதரில் ஒரு பழைய விமானத்தின் வால் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கும். கிளம்புகிற கடைசி நிமிஷத்தில் ஒருவன் நாற்பது பவுண்டு பியரை ஏற்றிக்கொண்டான், அவ்வளவுதான் கதை. அந்த வாலுக்கு ஊரில் பேரே 'நாற்பது பவுண்டு'. ஆகையால் கோல்டருக்குப் போகிற எவரும் முதலில் எடை எழுதுவார்கள். கூடாரம், கோடாலி, தூக்கப்பை, இரும்பு வாணலி, கயிறு, நாய் எல்லாவற்றையும் எழுதுவார்கள். ஆர்டிஸ் பல்துலக்கும் பிரஷ்களின் காம்பைப் பாதியாக வெட்டினாள். சட்டைகளில் கழுத்துத் துணிச்சீட்டைக் கத்தரித்தாள். காப்பிப் பானையா, இரண்டாவது ஜோடி பூட்ஸா என்று மூன்று வருஷம் சண்டை நடந்தது, காப்பி ஜெயித்தது. பதினோரு வருஷமும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. ஒரு வருஷம் எஞ்சின், ஒரு வருஷம் காட்டுத்தீப் புகை, ஒரு வருஷம் ஆலையில் வேலைநிறுத்தம், ஒரு வருஷம் ஆர்டிஸின் தங்கை மூன்றாவது கல்யாணம் பண்ணிக்கொண்டாள்.

ஆர்டிஸுக்கு அங்கே மீன் வேண்டாம், மலை வேண்டாம். ஆலைக் கேன்டீனில் இருபத்திரண்டு வருஷமாக அவள் ரொட்டி சுட்டாள். சங்கு ஊதினால் அடுப்பு, சங்கு ஊதினால் பரிமாறல், சங்கு ஊதினால் கழுவல். ஒரு நாளைக்கு ஐந்து சங்கு. கார்வெலில் எந்த மூலைக்கு ஓடினாலும் அது காதில் விழும். கோல்டரில் விழாது என்று கிளெல் ஒருமுறை சொன்னான். அன்று பிடித்த ஆசை அது.

முதல் ஜனவரியில் கிளெல் பென்சிலை எச்சில் தொட்டுக்கொண்டு, தலை தூக்காமல், "உன் எடை?" என்றான். ஆர்டிஸ் டிரைவிங் லைசென்ஸில் இருப்பதைச் சொன்னாள்: "நூத்தி நாப்பது." அந்த மாநிலத்தில் லைசென்ஸுக்கு நிஜ எடை கொடுத்த பெண் ஒருத்தியும் இல்லை, ஆண்களும் சொற்பம். அவள் நிஜ எடை நூற்று எழுபத்தெட்டு. வாயிலிருந்து வந்துவிட்டது, அவனும் எழுதிவிட்டான். அடுத்த வருஷம் பழைய தாளைப் பார்த்து எழுதினான், அதற்கடுத்த வருஷமும். தன் பேருக்கு நேரே இருநூற்று ஒன்பது என்று போட்டுக்கொண்டான். ஆள் ஒல்லி, எலும்பு கனமாக இருக்கும் என்று ஆர்டிஸ் நினைத்துக்கொண்டாள். கிளெல் எழுதியதை யார் சந்தேகப்படுவார்கள்? ஒவ்வொரு ஜனவரியிலும் உண்மையைச் சொல்லிவிட நினைப்பாள். எப்படியும் ஏதோ ஒன்று குறுக்கே வரப்போகிறது, அப்புறம் எதற்கு என்று விட்டுவிடுவாள்.

பன்னிரண்டாம் வருஷம் ஒன்றும் குறுக்கே வரவில்லை. போதாக்குறைக்குக் கண் டாக்டர் கிளெல்லின் விமானம் ஓட்டும் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "செப்டம்பர் வரைக்கும்தான். அதுக்கு மேல என்கிட்ட வராத" என்று சொல்லிவிட்டார். ஏப்ரல் பத்தாம் தேதி சாயங்காலம் கடைசித் தாளை எழுத உட்கார்ந்தபோது பென்சிலை நாய் தின்றிருந்தது. கிளெல் சட்டைப்பையிலிருந்த மெழுகுக்கட்டியை எடுத்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நீலமாக எல்லாவற்றையும் எழுதினான்.

மறுநாள் ஆர்டிஸ் எழுந்தபோது கட்டில் முனகவில்லை. கிளெல் எழுந்தபோது தரைப்பலகை ஒன்று விட்டுப்போனது. அவன் குனிந்து பார்த்துவிட்டு, "உளுத்துப்போச்சு" என்றான். அவள் கேன்டீனுக்குக் குதிகால் படாமல் நடந்து போனாள்; சேற்றில் தடம் விழவில்லை. திருப்பத்தில் காற்று அடித்து அவளைத் தபாலாபீஸ் வாசலில் கொண்டுவிட்டது. தானியக் கடைத் தராசில் ஏறிப் பார்த்தாள். நூற்று நாற்பது. பொய் சொன்னவளுக்குப் பொய்யே வந்து கைகொடுத்தால் யாரிடம் போய்ச் சொல்வது? வாயை மூடிக்கொண்டாள். இரண்டு மூட்டை மாவை ஒரே கையில் தூக்கினாள், பாட்டுப் பாடினாள். அன்று மத்தியானம் கிளெல் கேன்டீன் நாற்காலியில் உட்கார்ந்தான், நாற்காலி நான்காகப் போனது.

பரிமாறுகிற ட்வைலா அதைப் பெருக்கி அள்ளிக்கொண்டே, "என்னடி ஆர்டிஸ், புருஷனுக்குக் கல்லச் சுட்டுப் போடுறியா?" என்றாள்.

"உன் புருஷன் கேட்டான்னு சுட்டேன். அவன் வரலை, இவரு தின்னுட்டாரு."

மே மாதக் கடைசியில், திடலில் சாமான்களை எடைபோட்டபோது, விஷயத்தைக் கண்டுபிடித்தது ஓர்லின். மாடு வளர்த்து நொடித்துப்போய் விமானத் திடலைப் பார்த்துக்கொள்கிற ஆள். பதினொரு பவுண்டுக் கூடாரத்தை கிளெல் அவசரத்தில் ஒன்பது என்று எழுதியிருந்தான். அது ஒன்பதுதான் இருந்தது. முன்பு எட்டு பவுண்டு இருந்த வாணலி எழுதியபடி பத்து இருந்தது. ஓர்லின் காலண்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், மெழுகுக்கட்டியை முகர்ந்தான், ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது.

ஜூன் மாதம் பூராவும் கார்வெலில் ஒருவருக்கும் கால் நிலைகொள்ளவில்லை. ஆலை வாசலில் கிளெல் முன்னால் வரிசை நின்றது. அவன் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தான். "எவ்வளவு வேணாலும் குறைச்சுக்கோ. ஆனா அது எங்கியும் போயிடாது. யார் தலையில போடணும், அதச் சொல்லு." ட்வைலா தனக்கு நூற்றுப் பதினைந்து போதும் என்றாள், மிச்சத்தை மாமியார் தலையில் போடச் சொன்னாள். மாமியார் வரிசையில் இரண்டு பேருக்குப் பின்னால்தான் நின்றாள். அந்தச் சண்டை தீர அரை நாள் ஆனது. கடைசியில் எல்லார் சுமையையும் ஓர்லின் கொட்டகையிலிருந்த, இரும்பு அடிக்கிற பட்டடைக் கல் மேல் போடுவது என்று முடிவானது. பாதிரியார் அறுபது பவுண்டு குறைந்து, பிரசங்கத்தின்போது மேடைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாரம் ஏற்றுகிறவர்கள் மரக்கட்டையைக் குடை மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார்கள். அறுபது வயதுக்காரர்கள் வேலியைத் தாண்டிக் குதித்தார்கள், காரணமில்லாமல் திரும்பவும் தாண்டினார்கள். பட்டடைக் கல் முதலில் சிமெண்டில் இறங்கியது, பிறகு மண்ணில். மாதக் கடைசியில் அது போன ஓட்டையில் தண்ணீர் ஊறி, இன்றைக்கும் ஓர்லின் அதில்தான் குடிக்கிறான். மெழுகுக்கட்டி ட்வைலா மாமியாரின் பியானோவைக் கனம் குறைத்ததோடு தீர்ந்துபோனது. புதுப் பெட்டி உடைத்துப் பார்த்தார்கள். அது வெறும் மெழுகு.

அந்தக் கடைசி நாளில்தான், வரிசையில் எவனிடமோ கிளெல் நூறாவது தடவையாக "யார் தலையில போடணும்?" என்று கேட்டது ஆர்டிஸ் காதில் சங்கு மாதிரி விழுந்தது. தட்டைக் கீழே வைத்தாள். என்னுடைய முப்பத்தெட்டு யார் தலையில் போனது? உடைந்த நாற்காலிகள் கண்ணுக்கு முன் வந்தன. விட்டுப்போன தரைப்பலகை, ஒரு பக்கம் சாய்ந்த டிரக், சாயங்காலம் கிளெல் முழங்காலில் வைத்துக் கட்டுகிற ஐஸ். விரல் மடக்கிக் கூட்டினாள். அவன் இருநூற்று ஒன்பது. அதோடு என்னுடைய முப்பத்தெட்டு. இருநூற்று நாற்பத்தேழு ஆகிறது. தாளில் இருப்பது இருநூற்று ஒன்பது. முப்பத்தெட்டு பவுண்டு தாளில் இல்லாமல் விமானத்தில் ஏறப்போகிறது. கோல்டர் புதரில் நிற்கிற வால் அவள் வயிற்றுக்குள் வந்து நின்றது. மாற்றி எழுத மெழுகுக்கட்டியும் இல்லை.

ஜூலை பன்னிரண்டாம் தேதி காலை வரைக்கும் அவள் அதைச் சொல்லவில்லை; விமானத்தில் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. நாய் பின்னால் உட்கார்ந்துவிட்டது. கோல்டருக்கு முதல்தடவை போகிறவர்கள் ஓர்லினின் மாட்டுத் தராசில் ஏறியே தீரவேண்டும். ஆர்டிஸ் ஏறினாள், முள் நூற்று நாற்பதில் நின்றது. ஓர்லின், "அடுத்த மாடு" என்றான். கிளெல் கால் தூக்கியபோது ஆர்டிஸ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏறாதய்யா. நாம போகல."

"என்னடி இப்ப? மேகம் வர்றதுக்குள்ள கிளம்பணும்."

"நான் பொய் சொல்லிட்டேன். நூத்தி நாப்பது கிடையாது நான். நூத்தி எழுபத்தெட்டு. பன்னெண்டு வருஷமாப் பொய். அது உன் மேல ஏறிக் கெடக்கு. நீ இப்ப இருநூத்தி நாப்பத்தேழு. இந்த பாரத்தோட போனா புதர்லதான் போய்ச் சொருகுவோம். ரெண்டு வாலு நிக்கும் அங்க."

அவள் அழவில்லை. ரொட்டி கருகிவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். ஆனால் கை சட்டையை விடவில்லை. ஓர்லின் தொப்பியைக் கழற்றிவிட்டு வேறு பக்கம் பார்த்தான். கிளெல் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுத் தராசில் ஏறினான். பலகை கிறீச்சிட்டது. முள் ஆடி ஆடி, இருநூற்று ஒன்பதில் நின்றது.

ஆர்டிஸ் தராசைத் தட்டினாள். முள் அசையவில்லை.

"உன் நிஜ எடை என்னய்யா?"

"நூத்தி எழுபத்தொண்ணு."

"அப்போ இருநூத்தி ஒம்பதுன்னு எதுக்கு எழுதின?"

"நீ நூத்தி நாப்பதுன்னு சொன்ன."

"பொய்னு தெரியுமா?"

"கல்யாணத்தன்னைக்கு உன்னத் தூக்கிக்கிட்டு வாசப்படி தாண்டினது யாரு, ஓர்லினா? முப்பது வருஷமாப் பலகை தூக்குறேன். தூக்கினவனுக்குத் தெரியாதா?"

ஓர்லின் திரும்பாமலே, "நல்லவேளை என்னைத் தூக்கச் சொல்லல" என்றான்.

"தெரிஞ்சுக்கிட்டு ஏன் கேக்கல?"

"கேட்டா நீ வரமாட்ட. கூட்டுத்தொகை சரியாயிருக்கணும், அவ்வளவுதான். குறைச்சத எங்கயாச்சும் போடணும் இல்ல?"

ஆர்டிஸுக்கு முகம் சிவந்தது. "ஊர்ல இருக்கிற அத்தனை பேரோடதையும் அந்தக் கல்லு மேல போட்ட. பாதிரியாரோடதக்கூட. என்னோடத மட்டும் முட்டி வீங்கச் சுமந்துக்கிட்டு நின்னியே, பைத்தியக்கார மனுஷா!"

கிளெல் தராசை விட்டு இறங்கினான். கொஞ்சம் யோசித்தான், பலகையைப் புரட்டுகிற முகத்தோடு. "போட்ட குறியை அழிக்கிறதில்ல நான்" என்றான். பிறகு, "அதுவும் போக, எனக்கு அது பழகின கனம்" என்றான்.

ஆர்டிஸ் அவன் தோளில் ஒரு குத்து விட்டாள். குத்தின வேகத்தில் அவள்தான் இரண்டடி பின்னால் போனாள். அங்கேயே நின்று சிரிக்க ஆரம்பித்தாள்; ஓர்லினுக்கும் தொற்றிக்கொண்டது; நாய் ஏன் என்று தெரியாமல் குரைத்தது.

விமானம் எழும்பியது. கிளெல் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே பறந்தது. அவன் ஒரு காலால் மிதித்துச் சரிபண்ணிக்கொண்டான். பாறைச்சுவருக்கு முன்னால் கோல்டர் புல்லில் மூன்று குதி குதித்து நின்றது. அவன் முதலில் இறங்கிவந்து, அவளைத் தூக்கி இறக்கினான். "ஏமாத்திட்டாங்க. கல்யாணத்தன்னைக்குத் தூக்கினதுல பாதிகூட இல்ல" என்றான். ஒரு விழுந்த மரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மரம் அவன் பக்கம் தாழ்ந்து அவளை உயர்த்தியது. அவள் கால் ஆட்டிக்கொண்டே அவன் சுட்ட மீனைத் தின்றாள். மத்தியானம் பன்னிரண்டுக்கு இருவரும் பழக்கத்தில் தலையைத் தூக்கினார்கள். ஆறு ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் ஊதவில்லை. "ஊதலடா சாமி!" என்று கத்தி ஆர்டிஸ் மரத்திலிருந்து குதித்தாள், தரைக்கு வந்துசேர அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மூன்று நாள் இருந்தார்கள். பதினைந்து சங்கை அவள் கேட்கவில்லை. ஒவ்வொன்றையும் எண்ணிக் கேட்காமலிருந்தாள். நான்காம் நாள் விடியலில் கிளம்பியபோது பழைய வாலுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் தாண்டவேண்டுமோ அவ்வளவு உயரத்தில் தாண்டினார்கள்.

செப்டம்பரில் கிளெல் விமானம் ஓட்டும் சீட்டைத் திருப்பிக் கொடுத்தான். எடையை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. கேன்டீனில் அவனுக்கென்று ஆலைக்காரர்கள் ஒரு இரும்பு நாற்காலி பற்றவைத்துக் கொடுத்தார்கள். காற்று பலமாக அடிக்கிற நாளில் ஆர்டிஸ் கோட்டுப் பைக்கு நான்கு உருளைக்கிழங்காகப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள், சாயங்காலம் அதையே வறுப்பாள். லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது கவுண்டரிலிருந்த பெண் எடை கேட்டாள். நூற்று நாற்பது என்றாள். அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்துச் சிரித்துவிட்டு, எல்லாருக்கும் எழுதுகிற மாதிரி, எழுதிக்கொண்டாள்.