பதினாறாவது மைல்

லவோன் கணவரின் இடக்கன்னத்தை மழித்துவிட்டு ரேசரை வெந்நீரில் அலசிக்கொண்டிருந்தபோது ஹார்லன் கண்ணைத் திறந்தார்.

"வெர்னன் நல்லா ஓட்டுவான்" என்றார்.

மூன்று நாளில் அவர் பேசிய முழு வாக்கியம் அது ஒன்றுதான். வெர்னன் அவளுடைய தம்பி. அவன் செத்துப் பத்தொன்பது வருஷமாகிறது. சாகக் கிடக்கிற மனுஷன் அவனை நல்லவிதமாக நினைக்கிறாரே என்று அவள் ரேசரைக் கீழே வைத்தாள்.

"ஓட்டுவான்தான், ஹார்லன். அதெல்லாம் நீ மனசுல வச்சுக்காத. அவன்மேல யாருக்கும் கோபமில்ல."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மத்தியானம் இரண்டு மணிக்கு மூச்சு நின்றது.

கான்சாஸின் அந்த மூலையில் ஓடுவது எழுபது மைல் தண்டவாளம். பெரிய ரயில் கம்பெனி அதைப் பெயர்த்து எடுக்க வந்தபோது, கோதுமை விவசாயிகளும் தானியக் கிடங்குக்காரர்களும் கூடி விலைக்கு வாங்கினார்கள். ஒரே ஒரு பழைய எஞ்சின், ஆறு ஆட்கள். மணிக்குப் பத்து மைலுக்கு மேல் போகக் கூடாது. பாதையைப் பார்த்து, ரயில் போகலாமென்று கையெழுத்துப் போடுவது ஹார்லனின் வேலை. எஞ்சின் ஓட்டியது வெர்னன். ஒரு மே மாதம், மூன்று நாளாக விடாமல் பெய்த மழையில், பதினாறாவது மைலில் கோதுமை ஏற்றிய ரயில் பெட்டிகள் கவிழ்ந்தன. வெர்னன் எஞ்சினுக்கு அடியில் கிடந்தான். கண்டபடி வேகமாக ஓட்டினான் என்றார்கள். அன்றிலிருந்து லவோன், வெர்னன் இருவரின் அம்மா தேவாலயத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். வெர்னனின் மனைவி கொரீன் ஊரின் பார்வையைத் தாங்க முடியாமல் அரிசோனாவுக்குப் போய்விட்டாள். போகும்போது, "அவரு வேகமா ஓட்டியிருக்க மாட்டாரு, அண்ணி" என்று அழுதாள். ஹார்லன் சொன்னதை வைத்து லவோன் அவளுக்குப் பதில் சொன்னாள்: "நடந்தத ஏத்துக்கத்தான் வேணும், கொரீன்."

சவ அடக்கக்காரர்கள் வருவதற்குள் டெல்மர் வந்துவிட்டார். அந்த ஆறு பேரில் மிச்சமிருப்பவர். மனைவி கொடுத்தனுப்பிய நூடுல்ஸ் பாத்திரத்தை அடுப்பின்மேல் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உங்கள மாதிரி ஒரு மனுஷிய நான் பார்த்ததில்ல, லவோன். தம்பி விஷயத்துல அவ்வளவு நடந்தும் அவர இப்படிப் பார்த்துக்கிட்டீங்களே."

"என் தம்பி விஷயத்துல இவர் என்ன பண்ணினார்?"

டெல்மர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"அவர்தான் உங்ககிட்ட சொல்லிட்டாரே. அடக்கம் முடிஞ்ச வாரமே."

"என்ன சொன்னார்? நீங்க சொல்லுங்க."

அவர் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். "அன்னைக்குக் காலையில மழையில பன்னெண்டாவது மைலோட திரும்பிட்டார். கடைசிவரைக்கும் பார்த்ததா எழுதிட்டார். பதினாறுல தண்டவாளக் கட்டைக்கு அடியில மண்ணே இல்ல, மழை அரிச்சிருந்தது. வெர்னன் பத்து மைல்லதான் போனான். ரயிலோட பின்னால இருந்தது நான். எனக்குத் தெரியும்."

"வேகமா போனான்னு சொன்னது?"

"அவர்தான். நாங்களும் வாய மூடிக்கிட்டோம். உண்மை வெளிய வந்தா லைனையே மூடிருப்பாங்க."

ஃப்ரிட்ஜ் உறுமிவிட்டு அடங்கியது.

"நான் என்ன சொன்னேன்னு சொன்னார்?"

"ரெண்டு நாள் அழுதீங்களாம். அப்புறம்..." டெல்மர் நிமிரவில்லை. "செத்தவன் செத்துட்டான், ஆறு குடும்பம் பொழைக்கணும், வெளிய சொல்ல வேண்டாம்னு நீங்கதான் சொன்னதா சொன்னார். இல்லாட்டி நான் சும்மா இருந்திருக்க மாட்டேன், லவோன். உங்க வார்த்தைக்காகத்தான்."

அவள் எழுந்து நூடுல்ஸ் பாத்திரத்தை எடுத்து அவர் முன்னால் மேஜைமேல் வைத்தாள்.

"இத எடுத்துட்டுப் போங்க."

டெல்மர் போனபோது சவ வண்டி வந்து நின்றது. சவ அடக்கக்காரர் இளைஞர், மெல்லப் பேசுபவர். ரயில்வேக்காரர்கள் ஹார்லனுக்குக் கம்பெனிச் சட்டை போட்டுவிடச் சொல்லியிருப்பதாகச் சொன்னார்.

"எது வேணும்னாலும் போடுங்க."

"கல்லறை இடம் உங்க தம்பி பக்கத்துலதானே? அப்படித்தான் எழுதியிருக்கு."

"அங்க வேண்டாம்" என்றாள் லவோன். "அவரோட அப்பா பக்கத்துல இடம் இருக்கு. அங்க வைங்க."

"உங்களுக்கும் அங்கேயா?"

"எனக்கு இல்ல."

அவர் எழுதிக்கொண்டார். இரண்டு பேர் ஹார்லனைச் சக்கரக் கட்டிலில் வாசல்படி வழியே இறக்கும்போது லவோன் கூடப் போகவில்லை. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, கிறிஸ்துமஸ் அட்டைகள் வைக்கும் இழுப்பறையில் கொரீனின் எண்ணைத் தேடி எடுத்தாள். நாலாவது மணியில் போனை எடுத்தார்கள்.

"கொரீன், நான் லவோன்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டெலிவிஷனின் சத்தத்தை யாரோ குறைத்தார்கள். பிறகு நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது.