கொத்தாத கோழி ஒன்று வேண்டும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கால் கட்டைவிரலில் பிறந்தது. ஒரு கோழி கொத்தியது, ரத்தம் வந்தது, வீட்டுக்கு வந்து பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். தரிசனம், உள்ளொளி என்றெல்லாம் எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

கதாநாயகி என் அக்கா. கோழிகளின் மரபணுவை ஆராய்கிறவள். காட்டுக்கோழி எப்படி வீட்டுக்கோழி ஆனது என்பதைத் தன் கொட்டகையில் முதலிலிருந்து நடத்திப் பார்க்கிறாள். ஆளைக் கண்டதும் கூரைக்குப் பறக்கிற கோழிகளை ஒதுக்கிவிட்டு, பயப்படாமல் கிட்ட வருகிறவற்றை மட்டும் இணை சேர்ப்பாள். அவற்றின் குஞ்சுகளிலும் அதே தேர்வு. இப்போது ஆறாவது தலைமுறை. யார் உள்ளே நுழைந்தாலும் மொத்தக் கூட்டமும் காலடிக்கு ஓடி வந்துவிடும்.

(ஆதியில் கோழியைப் பழக்கியது யார் என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். மனிதன் பிடித்து வந்தான் என்று ஒரு கட்சி. சிந்திய தானியத்துக்கு அதுவாகவே வந்து ஒட்டிக்கொண்டது என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களைப் பார்த்த அனுபவம்.)

2

முதல் தொடக்கம்: "அதிகாலைப் பனி மூடிய கொட்டகையில், தனிமையே உருவான அவள்—"

அக்கா என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள். "பனியா? உள்ள ஹீட்டர் ஓடுதுடி. தனிமையாம், தனிமை! அங்க அதுங்க போடற சத்தத்துல என் பேரே எனக்கு மறந்து போகுது."

அந்த வரியை அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "மனிதர்களைவிடக் கோழிகளையே அவள் அதிகம்—" இது வேண்டாம். அம்மா படிப்பாள்.

மூன்றாவது தொடக்கத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதினேன்: "செருப்போடு உள்ளே போனேன். ஒரு பெட்டைக்கோழி நேராக வந்து என் கட்டைவிரலைக் கொத்தியது. விலகினேன். விடாமல் பின்னாலேயே வந்து இன்னொரு முறை கொத்தியது."

அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"செருப்போடயா போனே?"

"பூட்ஸ் என் காலுக்குச் சேரலக்கா. நீ போன்ல பேசிட்டிருந்தே."

"கிருமி உள்ள போயிடும்னு நான் தலைபாடா அடிச்சுக்கறேன், நீ—" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். "இரு இரு. கொத்துச்சா? சும்மா கிட்ட வந்து நிக்கலையா?"

"நிக்கறதாவது! அதோட சொத்தை நான் எழுதி வாங்கிட்ட மாதிரி விரட்டி விரட்டிக் கொத்துச்சு."

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

3

வாசகரே, விஷயம் இதுதான். கொட்டகைக்குள் போகிற எல்லோரும் முழங்கால் வரை தடித்த ரப்பர் பூட்ஸ் போடுவார்கள். அதன்மேல் கோழி எவ்வளவு வெறியோடு கொத்தினாலும் லேசாகத் தட்டுவது போலத்தான் இருக்கும். 'பிரியமாக அலகால் தொடுகிறது' என்று முழு மதிப்பெண் போட்டுவிடுவார்கள். முழு மதிப்பெண் வாங்கியவைதானே அடுத்த தலைமுறைக்குத் தாய் தகப்பன்? ஆக, ஆறு தலைமுறையாக அக்கா பார்த்துப் பார்த்து வளர்த்தது சாதுக்களை அல்ல. பயம் என்றால் என்னவென்றே தெரியாத ரவுடிகளை.

"பயம் போனா பிரியம் வந்துடும்னு நெனச்சிட்டேன்டி," என்றாள். "என்னைப் பாத்து ஓடி வரும்போதெல்லாம் அவ்வளவு சந்தோஷமா இருக்கும்."

அவள் கண் கலங்கியது. (இந்த இடத்தில் ஒரு ஜோக் வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.)

"கொத்துச்சுங்கற வரியை வேணும்னா அடிச்சுடறேன்க்கா. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே," என்றாள்.

மறுநாள் ஆய்வுக்கூடத் தலைவரிடம் அவளே போய்ச் சொன்னாள், என் செருப்பையும் சேர்த்து. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். கடைசியில் அவர் சொன்னது: "கொத்தாத பெட்டை ஒண்ணாவது காட்டும்மா. சேவலை வெளியிலேருந்து கொண்டு வந்துக்கலாம், மறுபடி ஆரம்பிக்கலாம். அதுவும் இல்லன்னா கொட்டகையை மூடிட வேண்டியதுதான்."

4

கதைக்குச் சில முடிவுகளை எழுதி வைத்தேன்.

அ) எல்லாக் கோழியும் கொத்துகிறது. கொட்டகைக்குப் பூட்டு. அக்கா இனி முழு நேரமும் வீட்டில் உட்கார்ந்து எங்களுக்கு மதிப்பெண் போடுகிறாள்.

ஆ) மூலையிலிருந்து ஒரு கோழி மெல்ல வந்து, அவள் மடியில் ஏறி, சுருண்டு படுத்து, கண் மூடி—

அக்கா படித்தாள். "இது கோழியா, பூனையா?"

இ) (அம்மா சொன்ன முடிவு. அதில் அக்காவுக்குக் கல்யாணம் ஆகிறது. கோழிக்கு என்ன ஆயிற்று என்று அம்மா சொல்லவில்லை.)

5

அக்கா காலை மருந்து கலந்த தண்ணீரில் தேய்த்துக் கழுவினாள். வெறுங்காலோடு கொட்டகைக் கதவைத் திறந்தாள். நான் கம்பி வலைக்கு வெளியே பேனாவும் கையுமாக நின்றேன்.

"நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு," என்றாள்.

"எதுக்குக்கா? நான் எழுத வேண்டாமா?"

"நீ பாத்தேன்னா உனக்கு எது வேணுமோ அதான் உன் கண்ணுல படும். நான் அப்படிப் பாத்துத்தான் ஏமாந்தேன். ஒரு குடும்பத்துக்கு ஒருத்தி போதும். திரும்பு."

திரும்பினேன். எதிரே வெள்ளையடித்த சுவர். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அக்கா தரையில் உட்கார்ந்தாள் போலிருக்கிறது, முட்டி சொடக்குப் போட்டது. அப்புறம் உமிப் பரப்பில் அத்தனை கால்களும் ஓடி வருகிற சரசரப்பு.

"ஆ! சனியனே!" என்றாள் அக்கா. "போ அந்தாண்ட. நீயுமா? போ... நீயும் போ."

பிறகு பேச்சு நின்றுவிட்டது. அக்கா பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. தூக்கத்தில்கூடப் பேசுவாள்.

"அக்கா?"

கழுத்து தானாகத் திரும்பப் பார்க்கிறது, பிடித்து வைத்திருக்கிறேன். கதைக்காக இல்லை, சத்தியமாக. ஒன்றே ஒன்று கொத்தாமல் நின்றுவிட்டால் போதும் அவளுக்கு.

உங்களை யாரும் திரும்பச் சொல்லவில்லை. தாராளமாகப் பாருங்கள். ஆனால் பார்த்ததை என்னிடம் சொல்லிவிடாதீர்கள். அவளே வெளியே வந்து சொல்லட்டும்; நான் இங்கேயே நிற்கிறேன்.