நோரீனுக்குச் சொல்ல வேண்டிய பதில்

1

இந்தக் கதை ஒரு மூடாத கதவு வழியாக எனக்குக் கிடைத்தது. அமெரிக்காவில் டுலூத் என்ற ஊரில் ஒரு மனநல மருத்துவமனையில் பதினான்கு வருடம் வரவேற்பு மேசையில் இருந்தேன். டாக்டர் லோர்னா வெஸ்டர்கார்டின் குறிப்புகளைத் தட்டச்சு செய்ததும் நான்தான். 'தற்செயலாகக் காதில் விழுந்தது' என்று முதலில் எழுதினேன். இல்லை, ஒட்டுக்கேட்டேன்.

தொடக்க வரி இன்னும் அமையவில்லை. 'ஏரிக்கு மேல் பனி...' வேண்டாம். 'லோர்னா தன் துறையில் தலைசிறந்த...' அது அவரை வழியனுப்பிய விழாவில் மேலாளர் வாசித்தது.

2

லோர்னா உளவியலாளர். மருந்து எழுதமாட்டார், உட்கார்ந்து கேட்பார். இளம் வயதிலேயே ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தார், தற்கொலை எண்ணம் உள்ளவர்களை முன்கூட்டியே கண்டுகொள்ள. அவர் பெயர் ஊர் ஊராகப் போனது அதனால்தான்.

வெண்டல் ஹாஸ்கின்ஸ் இரும்புச் சுரங்கத்தில் கிரேன் ஓட்டியவன். ஆறு வருடம் செவ்வாய்தோறும் வந்தான். கடைசிச் செவ்வாயன்று சிரித்துக்கொண்டே, "காகிதம் எனக்கு மனப்பாடம் டாக்டர். நானே கேட்டு நானே சொல்லிக்கவா?" என்றான். லோர்னாவும் சிரித்தார். ஒன்பதுக்கும் 'இல்லை'. 'அபாயம் குறைவு' என்று கையெழுத்திட்டார். வியாழக்கிழமை அவன் உயிரோடு இல்லை.

(லோர்னா சிரித்ததை ஒருமுறை நீக்கிப் பார்த்தேன். அவர் நல்லவராகிவிட்டார், கதை பொய்யாகிவிட்டது. திரும்பச் சேர்த்துவிட்டேன்.)

3

அடக்கம் முடிந்து சர்ச்சில் போட்ட சாப்பாட்டிலிருந்து நேரே வந்தாள் அவன் அக்கா நோரீன். மிஞ்சிய ஹாம் சாண்ட்விச்சை என் மேசையில் வைத்து, "சாப்பிடுங்க, வீணாப் போகுது" என்றாள். பிறகு லோர்னாவின் அறைக்குள் போனாள். கதவை மூடவில்லை.

"அப்பா வீட்டை நான் வித்துட்டேன்னு என்னைத் திட்டினானா, டாக்டர்?"

"அவர் இங்க பேசினதை நான் வெளில சொல்லக்கூடாது, நோரீன்."

"செத்தவனுக்கு என்ன ரகசியம்?"

"செத்தாலும் அது அவரோடதுதான்."

"ஆறு வருஷம் நான்தான் கூட்டிட்டு வந்தேன். கார்லயே உக்காந்திருந்தேன். என் பேரையாவது ஒரு தடவை சொன்னானா?"

லோர்னா அவன் ஃபைலை மூடி வைத்தார்.

"சரி, உங்களைப் பத்தியே கேக்கறேன். அன்னிக்கு அவன் மூஞ்சியைப் பாத்தீங்களே. உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது" என்றார் லோர்னா. "சிரிச்சப்பவே ஏதோ சரியில்லன்னு பட்டுச்சு. ஆனா படிவம் ஒண்ணுமில்லன்னு சொல்லுச்சு. நான் உண்டாக்கினது. அதை நம்பிட்டேன்."

நோரீன் கத்தவில்லை. கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

4

நோரீன் மன்னிப்பதாக ஒரு முடிவு எழுதினேன். லோர்னா அவள் வீட்டுக் கதவைத் தட்டுவதாக இன்னொன்று. இரண்டும் நடக்கவில்லை. நான்கு மாதத்தில் லோர்னா வேலையை விட்டார். படிவத்தை அச்சிடுபவர்களுக்கு, அதிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லிக் கடிதம் போட்டார். பெயர் இருந்தால்தான் நம்புகிறார்கள் என்று பதில் வந்தது. அதன்பின் அவரை யாரும்

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.)

5

போன வாரம் கடையில் பால் எடுக்கும்போது நோரீன் எதிரே நின்றாள்.

"அவன் குறிப்பு எல்லாம் டைப் பண்ணினது நீங்கதானே?"

"ஆமா."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. காத்திருந்தாள். அந்தக் குறிப்புகளில் அவள் பெயர் உண்டா இல்லையா என்பது எனக்குத் தெரியும். நான் சொல்ல வேண்டியதை நான்கு விதமாக எழுதி நான்கையும் அடித்துவிட்டேன். உண்டு என்றாலும் இல்லை என்றாலும் வெண்டலின் கதவை நான் திறந்ததாகிவிடும். பேசாமல் இருந்தால், அவளாகவே ஒரு பதிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

என் பதில் வர வேண்டிய இடத்தை வெறுமையாக விடுகிறேன். அவள் நிற்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்.