வேட்டுக்காரனும் பாறைச் சத்தமும்

டமால் என்று ஒரு சத்தம். வடக்கனந்தல் தெருவில் சைக்கிள்கள் சரிந்தன, அடுப்பங்கரைகளில் பாத்திரங்கள் உருண்டன. ஊர் எல்லையில் மரங்களை அகற்றிக்கொண்டிருந்த போலீஸார் ஓடிவந்தார்கள்.

1987. இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்கள் வெட்டிப் போடப்பட்டிருந்தன. சத்தம் என்றால் வெடி; வெடி என்றால் கொளஞ்சியப்பன். கிணற்றுப் பாறைக்கு வேட்டு வைப்பது அவன் தொழில். குடிசையைப் புரட்டினார்கள். ஒரு வெடிமருந்துத் தோட்டாகூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் அவன் கைகளைக் கயிற்றால் கட்டினார்கள்.

"வேட்டுக்காரன் வூட்ல தோட்டா இல்லன்னா அதுதான்டா சந்தேகம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவன் மனைவி பெரியநாயகி ஏரிக்கரையில் நின்ற லாரிக்கு ஓடினாள். வறண்ட போர்வெல் குழாய்க்குள் அழுத்தத்தோடு தண்ணீர் செலுத்தி, பாறை வெடிப்புகளைத் திறந்து ஊற்று வரவழைக்கும் லாரி அது. சாலை அடைபட்டதால் இன்ஜினீயர் தனசேகரன் இங்கேயே மாட்டிக்கொண்டிருந்தான். சாப்பாடு பெரியநாயகி வீட்டில். குழாய் இறக்க ஒத்தாசை கொளஞ்சியப்பன். சும்மா இருப்பானேன் என்று ஊரார் கேட்க, தனசேகரன் அனுமதித்த அளவுக்கு மேலேயே தண்ணீரைச் செலுத்தியிருந்தான்.

"சத்தம் என் பம்பாலதான் சார்" என்றான் அவளோடு ஓடிவந்த தனசேகரன்.

"பம்ப காலையிலேயே நிறுத்திட்டீங்களாமே. சத்தம் மத்தியானம் வருமா?"

"வரும் சார். உள்ள பழைய பிளவு ஒண்ணு இருக்குது. ரெண்டு பக்கப் பாறையும் நெருக்கிக்கினு நிக்குது. தண்ணி மெல்லப் பரவி அங்க போய்ச் சேர்ந்தா பிடி தளரும். பாறை சறுக்கும். மிச்சம் மீதி அழுத்தம் இருந்தா இன்னொரு தபாவும் சறுக்கும்."

"கத சொல்லவா படிச்சீங்க?" இன்ஸ்பெக்டர் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தார். "ஏத்துங்கய்யா இவன."

கொளஞ்சியப்பன் ஜீப்பில் ஒரு கால் வைத்தபோது உள்ளங்காலில் அதிர்வு ஏறியது. டமால். டீ கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது.

"இப்ப யாருங்க வேட்டு வெச்சது?" என்றாள் பெரியநாயகி. "நீங்களா?"

இன்ஸ்பெக்டர் ஒரு காகிதம் கொண்டுவரச் சொன்னார். அளவுக்கு மீறிப் பம்பு ஓட்டியதாகத் தனசேகரனிடம் எழுதி வாங்கினார். அந்தக் காகிதம் தன் வேலைக்கு உலை வைக்கும் என்று தெரிந்தேதான் அவன் கையெழுத்துப் போட்டான். கட்டு அவிழ்ந்தது. ஜீப் போயிற்று.

கொளஞ்சியப்பன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே லாரிப் பக்கம் நடந்தான்.

"அந்த டூல்ஸ் பொட்டியக் கொஞ்சம் தொறங்க சார். அடியில நம்ம தோட்டாங்க கீது, எடுத்துக்கறேன்."